வாஷர் போன பேனா

அடிபைப்பு அடிச்சிருக்கீங்களா? சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவங்ககூட லீவுக்கு ஊருக்குப் போனப்போ ஒரு தடவையாவது அடிச்சிருப்பீங்க. ரெண்டு நாள் யாரும் தொடாத பைப்பு என்றால் கைப்பிடி சும்மா காற்றில் ஆடும், தண்ணி வராது. உடனே வீட்டில் யாராவது ஒரு சொம்புத் தண்ணியை மேலே ஊற்றுவார்கள். நாலு அடி அடிச்சதும் தண்ணி கொட்டும். உள்ளே இருக்கிற தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். நனைந்ததும் உப்பிக் குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம்தான் உறிஞ்ச முடியும். இதே வாஷர்தான் இன்றைய எபிசோடின் கதாநாயகன். ஆனால் இடம் அடிபைப்பு இல்லை, பேனா.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு நேயர் மெயில் அனுப்பியிருந்தார். உத்தர வீதி வீடு, தாத்தாவின் பீரோ, அதில் ஒரு பேனா. கறுப்பு உடம்பு, நடுவில் தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பகுதி, வாலில் திருகு. மூடியிலிருந்த பெயர் தேய்ந்தே போய்விட்டது. தாத்தா பெல் கம்பெனியில் வேலை பார்த்தவர். திருவெறும்பூரில் இருக்கும் அந்தக் கொதிகலன் தொழிற்சாலை 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு வந்தது என்பது திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். அங்கே வந்த ஒரு செக் இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பேனா என்று அவர்கள் வீட்டில் சொல்கிறார்கள். மை உறிஞ்சவில்லை. திருச்சியில் நாலு கடை ஏறி இறங்கியிருக்கிறார். நாலு பேரும் ஒரே பதில்: "இதுக்கு வாஷர் கிடைக்காதும்மா, ஷோகேஸ்ல வெச்சிடுங்க."

ஏன் கிடைக்காது? பேனாவுக்குப் பேர்போன நம்ம ஊரில், பேனாவை நூறு விதமாக ரிப்பேர் செய்த ஊரில், இந்த ஒரு வாஷர் மட்டும் ஏன் கிடைக்கவே இல்லை? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நல்ல சரித்திரம் ஒன்று அகப்படுகிறது.

முதலில் பேனாவின் உடற்கூறு. நம்ம ஊர் கடைக்காரர்கள் வைத்த பெயர்களே எனக்குப் பிடிக்கும். எழுதுகிற முனை நிப்பு. அதற்குக் கீழே ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டை நாக்கு. இரண்டையும் பிடித்திருக்கும் பகுதி கழுத்து. இதில் உண்மையான கண்டுபிடிப்பு நாக்குதான். 1884-ல் அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கியது அதற்குத்தான். மெல்லிய கீறல்கள் வழியாக மை கீழே வரவேண்டும், அதே சமயம் காற்று மேலே போகவேண்டும். இது ரெண்டும் ஒழுங்காக நடந்தால் பேனா எழுதும்.

சரி, மையை உள்ளே எப்படி விடுவது? முதல் வழி, ஊற்றுவது. கழுத்தைக் கழற்று, ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக மையை ஊற்று, மூடு. உடம்பு முழுக்கவே மைக்கூடு. நம்ம அப்பா அம்மா தலைமுறை பள்ளிக்கூடத்தில் எழுதியது பெரும்பாலும் இந்த ஊற்றுப் பேனாதான். பக்கத்து பெஞ்ச் பையனிடம் ரெண்டு சொட்டு மை கடன் வாங்கியது, கொட்டின மையைச் சாக்பீஸால் ஒற்றியது, வெள்ளைச் சட்டைப் பையில் நீலக் கறையோடு வீட்டுக்குப் போய் அடி வாங்கியது, எல்லாம் இதன் உபயம்தான்.

இதில் ஒரு கோளாறு. மை பாதி தீர்ந்ததும் மீதி இடத்தில் காற்று இருக்கும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரியும், மையைத் தள்ளும், பரீட்சைப் பேப்பரில் பொட்டென்று ஒரு சொட்டு விழும். திருச்சியில் மே மாதம் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது வழி, உள்ளே ஒரு ரப்பர் பை. பக்கத்திலிருக்கும் நெம்புகோலை இழுத்தால் பை நசுங்கும், விட்டால் மை ஏறும். அமெரிக்காவில் ஷீஃபர் என்ற நகை வியாபாரி 1908-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நல்ல யோசனைதான். ஆனால் பழைய ரப்பர் ஒருநாள் இறுகும், இல்லையென்றால் பிசுபிசுவென்று உருகும்.

மூன்றாவதுதான் நம்ம கதை. ஜெர்மனியின் ஹானோவர் நகரில் பெலிக்கான் என்று ஒரு கம்பெனி. அதற்கு முன்னால் தொண்ணூறு வருஷமாக மையும் வண்ணமும் செய்துகொண்டிருந்தவர்கள், பேனா செய்ததில்லை. தியோடோர் கோவாச் என்ற ஹங்கேரிய இன்ஜினியர் உருவாக்கிய ஒரு பிஸ்டன் அமைப்பின் உரிமையை வாங்கி, 1929-ல் முதல் பேனாவை வெளியிட்டார்கள். வாலிலிருக்கும் திருகைத் திருப்பினால் உள்ளே பிஸ்டன் நிப்பை நோக்கி இறங்கும். நிப்பை மையில் முக்கித் திருப்பித் திருகினால் பிஸ்டன் மேலே போகும், மை பின்னாலேயே ஏறும். ஊசி போடும் சிரிஞ்ச் மாதிரி. இதில் கோவாச்சின் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், வெவ்வேறு விதமான ரெண்டு மரைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தார். அதனால் வெளியே வால் கொஞ்சூண்டு எழும்புவதற்குள் உள்ளே பிஸ்டன் முழு நீளமும் ஓடிவிடும். ரப்பர் பை தேவையில்லை, ஃபில்லர் தேவையில்லை. மை எவ்வளவு இருக்கிறது என்று நடுவிலிருக்கும் கண்ணாடிப் பகுதியில் பார்த்துக்கொள்ளலாம்.

மெஷின் என்று பார்த்தால், என் கருத்தில் பேனா வரலாற்றிலேயே இதுதான் அழகானது. ஆனால் இவ்வளவு அழகும் ஒரே ஒரு வளையத்தை நம்பி நிற்கிறது. பிஸ்டன் தலையில் இருக்கும் அந்த வாஷர் உடம்பின் உட்சுவரோடு ஒட்டி நகரவேண்டும். ரொம்ப இறுக்கமாக இருந்தால் திருகவே முடியாது. கொஞ்சம் தளர்ந்தால் உறிஞ்சாது. அதைவிட மோசம், மை பிஸ்டனுக்குப் பின்னால் போய் வால் வழியாகக் கசியும்.

அந்த வாஷரை எதில் செய்தார்கள் தெரியுமா? தக்கையில். ஒயின் பாட்டில் அடைக்கிற அதே கார்க். போர்ச்சுகல், ஸ்பெயின் பக்கம் வளரும் ஒரு ஓக் மரத்தின் பட்டை அது. உள்ளே லட்சக்கணக்கான காற்றறைகள். அழுத்தினால் அடங்கும், விட்டால் விரியும், தண்ணீரை உள்ளே விடாது. 1929-ல் கைவசம் இருந்ததில் இதைவிட நல்ல பொருள் கிடையாது. மெழுகு ஏற்றிப் பொருத்துவார்கள். தினமும் எழுதினால் வருஷக்கணக்கில் உழைக்கும். மை இல்லாமல் பீரோவில் போட்டுவிட்டால் அடிபைப்பின் தோல் வாஷர் கதைதான், காய்ந்து சுருங்கும். ஒரே வித்தியாசம், பத்து இருபது வருஷம் காய்ந்த தக்கை ஒரு சொம்புத் தண்ணியில் உயிர் பெறாது. தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். 1940களிலேயே ஜெர்மனியில் தக்கையை விட்டுவிட்டு செயற்கைப் பொருளுக்கு மாற ஆரம்பித்தார்கள்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். இதே 1930களில் இந்தியாவில் என்ன நடந்தது? சுதேசி. ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் கைக்கடைசலில் எபோனைட் பேனா செய்து காந்திக்கு அனுப்பினார். 1935-ல் காந்தி அவருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ அதற்கு முன்னாலேயே கடை திறந்திருந்தது. எபோனைட் என்பது ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்து வேகவைத்த கெட்டிப் பொருள். கடைசல் இயந்திரத்தில் வைத்தால் மரம் மாதிரி சீவ வரும், மரை நன்றாக ஏறும். அவர்கள் செய்தது என்ன வகை? ஊற்றுப் பேனா. ஏன் என்று யோசித்தால் பதில் சுலபம். அதில் நகரும் பாகமே இல்லை. ஒரு கடைசல்காரர் ஒரு பட்டறையில் உட்கார்ந்து முழுப் பேனாவையும் செய்துவிடலாம். மரை தேய்ந்தால் நூல் சுற்றலாம், நாக்கு உடைந்தால் புதுசு வெட்டலாம். நிப்புக்குச் சாத்தூர் இருந்தது. காராச்சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் பேர்போன அதே சாத்தூரில் வீட்டுக்கு வீடு நிப்பு வெட்டிய காலம் ஒன்று உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு அன்னியச் செலாவணிப் பஞ்சம். வெளிநாட்டுப் பேனாவுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு. சிங்கப்பூரிலிருந்தோ மலேயாவிலிருந்தோ யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. திருச்சி, தஞ்சாவூர் வட்டாரத்தில் அப்படிக் கடல் கடந்தவர்கள் நிறைய. அவர்கள் கொண்டுவந்தது பார்க்கர், ஷீஃபர். பின்னால் சீனத்து ஹீரோ. ஹீரோவின் உள்ளே பிஸ்டன் கிடையாது, ரப்பர் பைதான், அதை நம்ம கடைக்காரர்கள் மாற்றப் பழகிக்கொண்டார்கள். பிஸ்டன் பேனா வந்தது அங்கொன்றும் இங்கொன்றும். ஒரு ஊரில் பத்துப் பேனா இருந்தால் அதற்கு வாஷர் வாங்கி வைப்பவர் யார்? கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

திருச்சி எப்பேர்ப்பட்ட பேனா ஊர் என்பதையும் சொல்லியாகணும். செயின்ட் ஜோசப் கல்லூரி 1883-லேயே நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்துவிட்டது. நேஷனல் காலேஜ், பிஷப் ஹீபர் என்று சுற்றிலும் கல்லூரிகள். அப்துல் கலாமும் ஸ்ரீரங்கத்துப் பிள்ளை சுஜாதாவும் செயின்ட் ஜோசப்பில் படித்தது 1950களின் முதல் பாதி. பால்பாயிண்ட் பேனா உலகத்தில் பிறந்துவிட்டது, ஆனால் இங்கே அதைக் கையெழுத்தைக் கெடுக்கும் சாமானாகத்தான் பார்த்தார்கள். அதற்கப்புறமும் ரொம்ப நாள் பல பள்ளிகளில் பால்பாயிண்டைத் தொடவே விடவில்லை. அத்தனை மாணவர்களும் மையில் எழுதினால் நிப்பு வளையும், நாக்கு அடைக்கும், கழுத்து கசியும். பெரிய கடை வீதி, தெப்பக்குளம் பக்கமெல்லாம் ஸ்டேஷனரிக் கடையில் பேனா விற்பவரே ரிப்பேரும் பார்ப்பார். 1980களில் ரெனால்ட்ஸ் வந்தது, ரீஃபில் தீர்ந்தால் மாற்று, உடைந்தால் தூக்கிப் போடு என்றானது. பேனா ரிப்பேர் என்ற வார்த்தையே உங்களில் பாதிப் பேருக்குப் புதுசாக இருக்கும். கொல்கத்தா எஸ்பிளனேடில் 'பென் ஹாஸ்பிடல்' என்று 1940களில் தொடங்கிய ஒரு சின்னக் கடை உண்டு. அப்படி ஒரு கடையைப் பற்றிப் பத்திரிகைகள் கட்டுரை எழுதுகின்றன என்றாலே அது எவ்வளவு அபூர்வமாகிவிட்டது என்று தெரியும்.

சரி, அந்த உத்தர வீதிப் பேனா. நேயர் அனுமதியோடு திறந்தோம். முதல் வேலை, எதையும் திறக்காமல் இருப்பது. உள்ளே காய்ந்த மை பசை மாதிரி பிடித்திருக்கும்; அந்த நிலையில் வாலைப் பலவந்தமாகத் திருகினால் பிஸ்டன் தண்டு முறியும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. சாதாரணத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்தோம். சுடுதண்ணி கூடாது. எபோனைட் என்றால் நிறம் பழுப்பாகிவிடும், செல்லுலாய்டு என்றால் கோணிக்கொள்ளும். ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகக்கூடாது, செல்லுலாய்டைக் கரைத்தே விடும்.

காலையில் தண்ணீர் கருநீலம். மூன்று தடவை மாற்றியதும் தெளிந்தது. அப்புறம் திருகு மெல்ல அசைந்தது. வால் பகுதியைக் கழற்றுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. சில பேனாக்களில் அது மரையில் இருக்கும், சிலவற்றில் அழுத்திச் செருகியிருப்பார்கள், சிலவற்றில் மரை இடம்புரி. எது என்று தெரிந்துகொள்ளாமல் பலம் காட்டக்கூடாது. இதில் மரைதான். திறந்ததும் ஒரு வாசனை வந்தது. அவர்தான் முதலில் கண்டுபிடித்தார், "கற்பூரம் மாதிரி இருக்கே!" ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர் மூக்கு தப்பாது. கற்பூரமேதான். செல்லுலாய்டு என்பது நைட்ரேட் ஏற்றிய பஞ்சையும் கற்பூரத்தையும் கலந்து செய்தது. எண்பது வருஷம் ஆனாலும் பழைய செல்லுலாய்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கற்பூரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். பேனாவின் நாடும் கம்பெனியும் தெரியாவிட்டாலும் செல்லுலாய்டும் தக்கையும் சேர்ந்து காலத்தைச் சொல்லிவிட்டன. இது 1960களில் வாங்கிய பேனா இல்லை, அந்த இன்ஜினியர் அதற்கும் ரொம்ப முன்னாலிருந்தே வைத்து எழுதியது.

தக்கை? பிஸ்டன் தலையில் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் தூள், அவ்வளவுதான் மிச்சம்.

இங்கே ரெண்டு வழி. ஒன்று, புதுத் தக்கை. நல்ல ஒயின் தக்கையில் ஒரு துண்டு வெட்டி, நடுவில் துளைபோட்டு, உப்புத்தாளில் உருட்டி உருட்டி அளவுக்குக் கொண்டுவந்து, உருக்கிய மெழுகில் போட்டு எடுக்கணும். பழமை விரும்பிகள் இதைத்தான் செய்வார்கள். இன்னொன்று, ஓ-ரிங். ரப்பர் வளையம்.

ஓ-ரிங்குக்கே தனி எபிசோட் போடலாம். நீல்ஸ் கிறிஸ்டென்சன், டென்மார்க்கில் பிறந்து அமெரிக்கா போனவர், அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1937-ல், தன் 72-வது வயதில். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அமெரிக்க அரசு அந்த உரிமையைத் தன் கையில் எடுத்து, விமானத்துக்கு வேண்டும் என்று பல கம்பெனிகளைச் செய்ய வைத்தது. பெலிக்கான் தக்கையைப் பொருத்தும்போது உலகத்தில் இப்படி ஒரு பொருளே புழக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் தக்கையைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

நம்ம அடிபைப்புக்கும் இதே மாற்றம் நடந்தது, அதுவும் நம்ம கோயம்புத்தூரில்! 1970களில் வந்த இந்தியா மார்க் 2 பம்பில் தோல் வாஷர். வாஷர் போனால் கிணற்றுக்குள்ளிருந்து குழாய் முழுவதையும் தூக்கணும். வேன், ஆட்கள், கருவிகள் என்று ஒரு பட்டாளம் வரணும், அதுவரை ஊருக்குத் தண்ணி இல்லை. 1980களில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் வருஷக்கணக்காகக் களச் சோதனை நடத்தினார்கள். தோலுக்குப் பதிலாக நைட்ரைல் ரப்பர் வாஷர் போட்டார்கள், அது எவ்வளவோ நாள் கூட உழைத்தது. அதோடு நிற்கவில்லை. குழாயைத் தூக்காமலே பிஸ்டனை மட்டும் மேலே உருவி எடுக்கிற மாதிரி அமைப்பையே மாற்றினார்கள். அதுதான் மார்க் 3. வாஷர் என்றாவது ஒருநாள் போகத்தான் போகிறது, அப்போது ஊர்க்காரரே அதை மாற்ற முடியணும் என்று யோசித்து வடிவமைத்தார்கள். எனக்கு இந்த யோசனைதான் நைட்ரைல் ரப்பரைவிடப் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிகிறது.

அதே நைட்ரைல் ரப்பரில்தான் எங்களுக்கும் ஓ-ரிங் கிடைத்தது. எங்கே? திருச்சியில் பம்பு, ஹைட்ராலிக் சாமான் விற்கிற ஒரு கடையில். பெல்லைச் சுற்றித் துவாக்குடி வரைக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள் நிறைந்த ஊர் இது. நீராவி கசியக்கூடாது, எண்ணெய் கசியக்கூடாது என்பதே பிழைப்பாக இருக்கிற ஊரில் ஓ-ரிங்குக்குப் பஞ்சமா? பேனாக் கடையில் கேட்டதால்தான் கிடைக்கவில்லை. அளவு சொன்னதும் கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, "எந்த மெஷினுக்கு சார்?" என்றார். பேனாவைக் காட்டினோம். சிரித்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பிஸ்டன் தலையில் தக்கை இருந்த பள்ளத்தில் வளையத்தை ஏற்றினோம். உடம்பின் உள் விட்டத்தைவிட வளையம் மயிரிழைதான் பெரிதாக இருக்கணும். மேலே ஒரு துளி சிலிக்கான் கிரீஸ், கடுகளவுதான். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம், எண்ணெய் நாக்கின் கீறல்களுக்குள் இறங்கினால் மை ஓடாது. வாஸ்லினும் வேண்டாம், பழைய ரப்பர் இருந்தால் அதை உப்பவைத்துக் கெடுக்கும். முதலில் மை போடாமல் தண்ணீரை உறிஞ்சிப் பார்த்து, நிப்பு மேலே இருக்கும்படி நிறுத்திவைத்து, பிஸ்டனுக்குப் பின்னால் ஈரம் வருகிறதா என்று ஒருநாள் பார்த்தோம். வரவில்லை.

பழைய தக்கைத் தூளை என்ன செய்வது என்று ஒரு சின்ன விவாதம் நடந்தது. ஓ-ரிங் போட்டால் அசல் போய்விட்டது என்று சொல்கிற சேகரிப்பாளர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கு; விற்கப்போகிற பேனா என்றால் தக்கையே போடுவது நல்லது. இது எழுதப்போகிற பேனா. ஓ-ரிங்கைப் பிற்பாடு கழற்றித் தக்கை போடவும் முடியும், உடம்பில் எங்கேயும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. பசை போட்டு ஒட்டிய ரிப்பேர்தான் கெட்ட ரிப்பேர், அடுத்தவர் திறக்கவே முடியாமல் போய்விடும்.

இன்றைக்கு விலை உயர்ந்த பிஸ்டன் பேனா செய்கிற பெரிய கம்பெனிகளில் பல, நீங்களாகத் திறக்காதீர்கள், எங்களுக்கு அனுப்புங்கள் என்கின்றன. தைவானில் டிவிஸ்பி என்று ஒரு கம்பெனி 2010 வாக்கில் ஒரு பிஸ்டன் பேனா கொண்டுவந்தது. டப்பாவைத் திறந்தால் பேனாவோடு ஒரு குட்டி ஸ்பேனரும் ஒரு குப்பி சிலிக்கான் கிரீஸும் இருக்கும். மார்க் 3 பம்பு மாதிரியே.

உங்க வீட்டு பீரோவிலும் வாலில் திருகு வைத்த பேனா இருந்தால் இன்று ராத்திரி தண்ணியில் ஊறப்போடுங்க, திருக வேண்டாம். மறுபடி எழுத ஆரம்பித்தால் பேனாவுக்கான மை மட்டும் போடுங்க. படம் வரைகிற இந்தியன் இங்க் போட்டால் நாக்கு அடைத்துக்கொள்ளும். மாதம் ஒரு தடவை வெறும் தண்ணி விட்டு அலசுங்க. ஊருக்குப் போகும்போது மையோடு விட்டுவிட்டுப் போகாதீங்க, கழுவி வெச்சிட்டுப் போங்க. திறக்கத் தெரியலைன்னா போட்டோ எடுத்து அனுப்புங்க, மரையா செருகலா என்று பார்த்துச் சொல்றேன். அடுத்த வாரம் சாத்தூர் நிப்பு.